குராமோச்சியின் பதினொரு நிமிடம்

கியோத்தோவில் 1973-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் காராபுரோ என்ற ராக் குழு வெளியிட்ட இசைத்தட்டு எந்த இரண்டு முறையும் ஒரே மாதிரி ஒலித்ததில்லை. தட்டின் பெயர் ‘திங்கட்கிழமை, தண்ணீர் இல்லை’. விலை ஆயிரத்து எண்ணூறு யென், முந்நூறு பிரதிகள், சாம்பல் நிற அட்டையில் ஒரு மஞ்சள் வாளியின் படம். காலையில் போட்டால் டிரம் ஒரு வழியாகப் போகும். மாலையில் அதே தட்டை அதே ஊசியில் போட்டால் வேறு வழியாகப் போகும். ஆர்கன் ஒருநாள் இழுத்த இழுப்பை மறுநாள் இழுக்காது. அச்சடித்த ஆலைக்கு எழுதிக் கேட்டார்கள். எந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை என்று பதில் வந்தது, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இரண்டாம் பக்கத்தில் ஏழாவது நிமிடம் தொடங்கிப் பதினெட்டாவது நிமிடம் வரை வரும் கிட்டார் மட்டும் மாறவில்லை. முந்நூறு பிரதிகளிலும், எந்த வீட்டில் எந்த நாளில் போட்டாலும், அந்தப் பதினொரு நிமிடம் சுரம் பிசகாமல் அப்படியே இருந்தது. அதை வாசித்தவன் குராமோச்சி. நகர டிராம் ஓட்டுநர், வயது இருபத்தொன்பது. அது ஏன் மாறவில்லை என்பது உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

காராபுரோ என்றால் காலித்தொட்டி. நிஷிஜினில் நெசவாளர் தெருக்களுக்கு நடுவே இருந்த ஷிராசாகி பொதுக் குளியல்கூடத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்று தொட்டிகளை வடித்துவிடுவார்கள். காலியான ஆண்கள் பக்கத்தில், குழாய்களுக்கும் கவிழ்த்து அடுக்கிய வாளிகளுக்கும் நடுவே, குராமோச்சியும் ஹிபினோவும் 1967-லிருந்து வாசித்து வந்தார்கள். டைல்ஸ் சுவரில் பட்டு ஒவ்வொரு ஒலியும் நாலைந்தாகத் திரும்பி வரும். கிட்டாரைக் கரகரக்க வைக்கும் மிதிப்பெட்டியும் சேர்ந்துகொண்டால் தரை எது கூரை எது என்று கேட்பவருக்குப் பிடிபடாது. அதைத்தான் அந்த நாளில் சைகடெலிக் ராக் என்று சொன்னார்கள். அக்கம்பக்கத்தில் யாரும் புகார் செய்யவில்லை. நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் கிடப்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு சத்தமா. ஹிபினோ ஊறுகாய்க் கடைக்காரர் மகன், டிரம் அடிப்பவன், ஆள் தடியன். ஒருமுறை கேட்டதை ஆயுளுக்கும் மறக்காத காது அவனுக்கு. குழுவின் ஒரே சட்டம் அவன் போட்டது: ஒத்திகை கூடாது, ஒருமுறை வாசித்ததை மறுமுறை வாசிக்கவும் கூடாது. வாசித்து மாட்டிக்கொண்டவன் அன்று ஆண்கள் பக்கத் தரை முழுவதையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். கூடத்துக்காரர் இடத்தைச் சும்மா கொடுத்ததன் ரகசியம் இதுதான். தேய்ப்பது பெரும்பாலும் குராமோச்சி. “போன வருஷம் மார்ச் மாசம் ரெண்டாவது திங்கட்கிழமை இதையேதான்டா வாசிச்ச. பிரஷ்ஷை எடு,” என்பான் ஹிபினோ. குராமோச்சி எடுப்பான்.

1971-ல் ஒரு திங்கட்கிழமை, கூடத்துக்காரர் மகள் மிசாவோ கையில் இரண்டு டைல்ஸோடு உள்ளே வந்தாள். “இது ரெண்டும் பொம்பளைங்க பக்கத்துல கழண்டு விழுந்திருக்கு. யார் ஒட்டித் தரப்போறீங்கன்னு அப்பா கேக்கச் சொன்னாரு,” என்றாள். அப்போது குழுவில் ஆர்கன் வாசித்தவன் கல்யாணமாகி வடக்கே போய்விட்டிருந்தான். அவன் விட்டுப்போன ஆர்கன் துணி போர்த்தி மூலையில் கிடந்தது. பதில் வரும்வரை நிற்பானேன் என்று அவள் அதன் முன்னால் உட்கார்ந்தாள். வாழ்நாளில் ஒரு பாடம் கற்றவள் இல்லை. பத்து நிமிடத்தில் காலித்தொட்டியிலிருந்து ஆவி எழுந்தது. கொதிகலன் பார்க்கும் ஆள் ஓடிப்போய் அடுப்பில் கைவிட்டுப் பார்த்தான். சாம்பல் ஜில்லென்று இருந்தது. அந்தக் கூடத்தின் சுவரில் டைல்ஸில் பதித்த ஐந்து வெண்கொக்குகள் உண்டு. கட்டிய நாள் முதல் ஐந்தும் இடப்பக்கம் பார்த்தபடி நிற்பவை. அன்று ஐந்தும் கழுத்தைத் திருப்பி மிசாவோவைப் பார்த்தன. அவள் கையை எடுத்ததும் பழையபடி திரும்பிக்கொண்டன. ஹிபினோ குச்சிகளைக் கீழே வைத்து, “ஆர்கனுக்கு ஆள் கெடைச்சாச்சு,” என்றான். டைல்ஸைக் குராமோச்சி ஒட்டினான்.

அன்று முதல் குராமோச்சிக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. நான்கு வருடம் விரல் நுனி தேய வாசித்திருக்கிறான். ஒரு கொக்காவது ஒரு கண்ணையாவது சிமிட்டியிருக்கிறதா. அவன் தன் இடத்தை மாற்றிச் சுவரைப் பார்த்தபடி நின்று வாசிக்கத் தொடங்கினான். நடுவில் இருந்த மூன்றாவது கொக்கைக் குறிவைத்துக்கொண்டான். ஒருமுறை அது அசைந்தது போலிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் பல்லி. மிசாவோவோ ஒரு கையால் அரிசி பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு மறுகையால் வாசிப்பாள், ஐந்தும் திரும்பும். திரும்பியதை அவள் பெரும்பாலும் கவனிப்பதுகூட இல்லை, அதுதான் அவனுக்கு இன்னும் பொறுக்கவில்லை.

“வாசிக்கறப்ப மனசுல என்ன நினைச்சுக்கறே?” என்று ஒருநாள் கேட்டான்.

“ஒன்னும் நினைக்கறதில்ல. அம்மாவுக்கு என்ன எடுத்துட்டுப் போறதுன்னு யோசிப்பேன்.”

அவள் அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். மிசாவோ தினமும் இரண்டு மணி டிராமில் போவாள். அது குராமோச்சி ஓட்டும் வண்டி. பின்வாசலில் ஏறிக் கடைசி இருக்கையில் உட்காருவாள், இறங்கும்போது தலை தாழ்த்துவாள், அவனும் தலை தாழ்த்துவான். கொக்குகளைத் திருப்பும் ரகசியத்தைத் தெரிந்துகொண்டே மறைக்கிறாள் என்று அவன் முடிவு கட்டினான். இரண்டு வருடம் இப்படியே போயிற்று.

1973 வசந்தத்தில் ஒசாகாவிலிருந்து ஒரு சின்ன வெளியீட்டாளர் வந்து கேட்டுவிட்டு, ஜூன் மாதம் இரண்டாவது திங்கட்கிழமை ஒலிப்பதிவு எந்திரத்தோடு வருவதாகச் சொன்னார். ஒரே நாள், ஒரே மூச்சு, எது விழுகிறதோ அதுதான் தட்டு. இடையில் நாற்பது நாள் இருந்தது. அந்த நாற்பது நாளில் குராமோச்சி செய்த காரியம் வேறு எந்தக் குழுவிலும் குற்றமாகாது, கடமை என்பார்கள். காராபுரோவில் அதற்குத் திருட்டு என்று பெயர். அவன் ஒத்திகை பார்த்தான். டிராம் பணிமனையில் மதிய ஓய்வு நேரத்தில், கழுவி நிறுத்திய காலி வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, மின்சாரம் இல்லாத கிட்டாரில் பதினொரு நிமிடத்தைச் சுரம் சுரமாகக் கட்டினான். வண்டி மாறும் பயணிகளுக்குக் கொடுக்கும் மாற்றுச்சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டான். முன்கூட்டியே செய்தது என்று தெரிந்துவிடக் கூடாதே என்று ஒரு தவற்றையும் சேர்த்துக் கட்டினான். நான்காவது நிமிடத்தில் மோதிர விரல் வழுக்க வேண்டும், வேண்டாத ஒரு சுரம் விழ வேண்டும், தானே திடுக்கிட்டது போல அரை நொடி நிற்க வேண்டும், பிறகு அந்தத் தவற்றையே பிடித்துக்கொண்டு மேலே ஏற வேண்டும். இந்த வழுக்கல் ஒன்றுக்கே ஒன்பது நாள் பிடித்தது.

கடைசி வாரத்தில் ஒரு சம்பவம். சைக்கிளில் டோஃபு விற்பவர் தெருவில் குழல் ஊதிக்கொண்டு போனார். அந்தக் குழலில் மொத்தமே இரண்டு சுரம்தான். அந்த இரண்டிலும் தன் மூன்றாவது நிமிடத்தின் சாயல் வந்ததைக் கேட்டுக் குராமோச்சி செருப்பை மாட்டாமல் ஓடினான்.

“இந்த மெட்டை எங்க புடிச்சீங்க?”

“எந்த மெட்டுங்க? வாயில வந்துச்சு, ஊதினேன். டோஃபு வேணுமா, வேணாமா?”

இரண்டு கட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினான். தன்னுடையதை யாரோ திருடுகிறார்கள் என்று நினைத்தான். தான் செய்வது என்ன என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

ஒலிப்பதிவு நாளில் முதல் பக்கம் முழுக்க அவன் பட்டும் படாமலும் வாசித்தான். இரண்டாம் பக்கத்தில் ஏழாவது நிமிடம் வந்ததும் மிதிப்பெட்டியை மிதித்து இறங்கினான். ஹிபினோவின் டிரம் மெல்ல ஒதுங்கி வழிவிட்டது. மிசாவோ இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான்காவது நிமிடத்தில் விரல் வழுக்க வேண்டிய இடத்தில் வழுக்கியது, அவன் திடுக்கிட வேண்டிய அளவு திடுக்கிட்டான். மிசாவோவின் கன்னத்தில் கண்ணீர் இறங்குவதை ஓரக்கண்ணால் பார்த்தான். ஒரு சுரமும் தப்பிவிடக் கூடாதே என்ற கவனத்தில் அன்று ஒருநாள் மட்டும் அவன் கொக்குகளைப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்ததும் ஹிபினோ அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இன்னைக்கு நீ தேய்க்க வேணாம்டா,” என்றான். ஒலிப்பதிவுக்காரரிடம் போய்க் கொக்குகள் திரும்பினவா என்று குராமோச்சி கேட்டான். “எந்தக் கொக்கு? நான் மெஷின் முள்ளைப் பாத்துக்கிட்டு இருந்தேன்,” என்றார் அவர். பரவாயில்லை என்று இருந்தது. மிசாவோ அழுதிருக்கிறாள், அது போதும். அன்று அவன் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனான்.

தட்டு வெளிவந்து இரண்டாம் நாளே விஷயத்தைக் கண்டுபிடித்தவர் தெமாச்சியில் காபிக்கடை வைத்திருந்த தம்பா. அவர் கடையில் பேசக் கூடாது; ஒரு காபி வாங்கிக்கொண்டு எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து இசைத்தட்டுக் கேட்கலாம். நேற்றுக் கேட்டது இன்று இல்லை என்பதை அவர் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கல்லாவில் ஒட்டினார், வேறு ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. ஆனால் கூட்டம் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ஆர்கனில் மழை பிடித்து, ஜன்னலோரம் இருந்தவர்கள் நனைந்து வீட்டுக்குப் போனார்கள். ஃபுஷிமியில் மது வடிக்கும் ஒருவர் வீட்டில் அந்த டிரம் செத்துப்போன தகப்பனாரின் மரச்செருப்பு நடையாக வந்தது; அவர் வாசலில் ஒரு ஜோடி செருப்பைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் தட்டைப் போடுவாராம். எங்கே இரண்டு பேர் நின்றாலும் மிசாவோ, ஹிபினோ, மிசாவோ. குராமோச்சி தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு தம்பா கடையின் மூலையில் உட்கார்ந்து கேட்டான். தன் பதினொரு நிமிடம் தொடங்கியதும் நாலைந்து பேர் எழுந்து கழிவறைக்குப் போனார்கள். திரும்பி வந்த ஒருவரிடம் வாசலுக்கு வெளியே மெதுவாகக் கேட்டான். “அதுக்கென்னங்க, அது எங்கயும் போகாதுல்ல. நாளைக்கும் அங்கயேதான் இருக்கும். ஆர்கன் வர்றப்ப எழுந்து போனா போனதுதான்,” என்றார் அவர். உள்ளே நாலாவது நிமிடம் வந்தது. ஒரு மாணவன் விரலைத் தூக்கி வைத்துக் காத்திருந்து, வழுக்கல் விழுந்ததும் சரியாகக் கீழே இறக்கினான். குராமோச்சிக்குக் காது மடல் வரை சுட்டது.

அதற்குப் பிறகு அவன் பட்ட பாட்டை அவன் டிராமில் போனவர்கள்கூட அறிந்திருந்தார்கள். நிறுத்தங்களில் வண்டி வெடுக்கென்று நின்றது. தட்டு வாங்கியவர்கள் வீட்டைத் தேடித்தேடிப் போய்க் கேட்டான். எங்காவது ஒரு பிரதியில், ஒரே ஒரு சுரமாவது, தடம் மாறியிருக்காதா. இல்லை. அதே வழுக்கல், அதே திடுக்கிடல். ஆர்கனோ ஒவ்வொரு வீட்டிலும் நேற்றையதைவிட நன்றாக இருந்தது. மிசாவோ மேல் இருந்த எரிச்சல் ஹிபினோ மேலும் பரவியது, கடைசியில் அந்தக் கறுப்புத் தட்டின் மேலேயே பொறாமை வந்தது; அதற்கும் வாசிக்கத் தெரிந்திருக்கிறதே. ஆறு திங்கட்கிழமை அவன் குளியல்கூடத்துப் பக்கம் போகவில்லை. இனி கிட்டாரைத் தொட்டால் யாராவது விரலைத் தூக்குவார்கள் என்று பயமாக இருந்தது. விற்றுவிடலாம் என்று பெட்டியில் வைத்துக் கயிறும் கட்டிவிட்டான்.

ஏழாவது வாரம் புதன்கிழமை பிற்பகல், ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் மிசாவோ ஏறினாள். துணியில் முடிந்த ஒரு பெட்டி கையில் இருந்தது. தன் நிறுத்தத்தில் அவள் இறங்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு முன்னால் வந்து, அவன் தோளுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆறு வாரமா வரல. ஹிபினோ சான் தனியாளா அடிச்சுக்கிட்டு இருக்காரு.”

“நான் எதுக்கு? நீ கை வெச்சா கொக்கு ஆடுது. நான் வாசிச்சா ஜனம் கக்கூஸுக்குப் போவுது.”

“பொறாமையா இருக்கா?”

அவன் பிரேக் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். “ஆமா,” என்றான். இதற்கு முன் அவன் அதைத் தனக்குத்தானேகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

“எனக்கும்தான்,” என்றாள் மிசாவோ.

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துத் திரும்பினான். அவள் முகத்தில் கிண்டல் இல்லை.

“நாப்பது நாள் கடைசி சீட்டுல உக்காந்து கேட்டேன். வண்டி ஓட்டறப்ப நீங்க முனகுவீங்க, குராமோச்சி சான். மோட்டார் சத்தத்துக்கு மேல கேக்கும். நாலாவது நிமிஷத்துல வழுக்குவீங்க, அப்புறம் விட்டுப் புடிப்பீங்க. தினமும் அதே எடம்.”

“நான் முனகினேனா? சும்மா சொல்லாத.”

“டோஃபுக்காரரு சைக்கிள் ரிப்பேருன்னு ஒரு வாரம் இந்த வண்டியிலதான் வந்தாரு. தட்டு வர்றதுக்கு முன்னாடியே இந்தத் தடத்துல பாதிப்பேருக்கு அது மனப்பாடம். காபிக்கடையில விரலைத் தூக்கறானே ஒரு பையன், அவனும் இதுல காலேஜ் போறவன்தான்.”

குராமோச்சிக்கு வண்டியை விட்டு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. “அப்போ அன்னைக்கு எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் அழுதியா?”

“தெரிஞ்சதாலதான் அழுதேன். வயித்தெரிச்சல். எனக்கு அந்த மாதிரி ஒன்னு இல்ல. நான் வாசிக்கறது எதுவும் எனக்கே திரும்பக் கெடைக்கறதில்ல.” கையிலிருந்த பெட்டியைத் தூக்கிக் காட்டினாள், கைப்பிடி வைத்த சின்ன ரெக்கார்டு பிளேயர். “அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். மொதல் நாள் ஆர்கன் வந்ததும், இது உன்னோடதா, நல்லாருக்கேன்னாங்க. அதையே போடுன்னு மறுநாள் கேட்டாங்க. அது வரல. பத்து நாள் போட்டேன், வேற வேற என்னென்னமோ வந்துச்சு, அம்மா கேட்டது மட்டும் வரவே இல்ல. அப்புறம் அவங்க உங்களோடதைக் கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. அது எங்கயும் போகாதே. வழுக்கற எடம் வர்றப்ப என் கையைப் புடிச்சுக்குவாங்க. போன வெள்ளிக்கிழமை வரைக்கும் புடிச்சாங்க.”

பெட்டியை மறுபடி துணியில் முடிந்தாள். “அவங்க சாமானையெல்லாம் எடுத்துட்டுப் போகச் சொல்லி ஆஸ்பத்திரியில சொன்னாங்க, அதான் இன்னைக்கு வந்தேன்,” என்றாள். வண்டியைத் திருப்ப நேரமாகிவிட்டது. திருப்பினான். அவள் நிறுத்தம் வரும்வரை முனகாமல் இருக்கப் பார்த்தான், முடியவில்லை. இரண்டாவது நிறுத்தத்திலேயே அது வந்துவிட்டது. அவள் பின்னால் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை கயிற்றை அவிழ்த்துக் கிட்டாரை எடுத்துக்கொண்டு போய் ஹிபினோவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். ஹிபினோ முள்ளங்கி ஊறுகாய் தின்றுகொண்டிருந்தான்.

“தெரியும்டா. கடைக்கு வர்ற பொம்பளைங்க அத்தனை பேரும் அதை முனகிக்கிட்டே வந்தாங்க.”

“அப்புறம் ஏன்டா அன்னைக்குத் தேய்க்க வேணாம்னே?”

“அன்னைக்கு எங்க காதுக்கு முன்னாடி நீ அதை வாசிச்சது மொதல் தடவை. சட்டப்படி தப்பில்ல. முனகினது கணக்குல வராது.” விரலை நக்கிவிட்டு ஹிபினோ கொஞ்சம் யோசித்தான். “ஆனா தட்டு வந்தப்புறம் நீ வாசிச்சதையே வாசிச்சுக்கிட்டு இருக்கே. ஒவ்வொரு வீட்டுலயும், தினம் தினம். நாங்க ரெண்டு பேரும் ஒருதரம்கூடத் திரும்ப வாசிக்கல. ஒரு தடவை போட்டா ஒரு தரை. இப்பவே ஆரம்பிச்சாலும் இந்த ஜென்மத்துல தீராது. பிரஷ்ஷை எடு.” தீர்ப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குராமோச்சி எடுத்தான்.

காராபுரோ அதன்பின் எட்டு வருடம் வாசித்தது. இன்னொரு தட்டுப் போடவில்லை. டிராம் தடத்தை மூன்றாம் வருடம் மூடி, குராமோச்சியைப் பேருந்துக்கு மாற்றினார்கள், பேருந்திலும் முனகினான். ஹிபினோ கடையை எடுத்துக்கொண்டு இன்னும் தடித்தான். ஆர்கன் ஒரு குளிர்காலத்தில் ஈரம் ஏறிச் செத்தது. வேறொன்றில் மிசாவோ கை வைக்கவில்லை. அப்பாவுக்குப் பிறகு கூடத்தை அவளே நடத்துகிறாள். தட்டு இன்றும் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி ஒலிக்கிறது. தோக்கியோவிலிருந்து ஆட்கள் வந்து ஆராய்ந்துவிட்டு, குளித்துவிட்டுப் போனார்கள். குராமோச்சி பணி ஓய்வு பெற்று வெகுகாலமாகிறது. திங்கட்கிழமைகளில் மட்டும் வந்து, தன் பதினொரு நிமிடத்தை முனகிக்கொண்டே ஆண்கள் பக்கத் தரையைத் தேய்க்கிறான். தலைவாசலிலிருந்து தொடங்கினால் சுவரோரம் வந்து சேரப் பதினொரு நிமிடம் ஆகும்.

எந்த வருடம் என்று யாரும் குறித்து வைக்காத ஒரு திங்கட்கிழமையிலிருந்து மூன்றாவது கொக்கு திரும்புகிறது. ஒன்றுதான், மற்ற நான்கும் இடப்பக்கமே பார்த்து நிற்கின்றன, அது குராமோச்சிக்கு இன்னமும் உறுத்தல்தான். நாலாவது நிமிடத்தில் மிசாவோ கல்லாவை விட்டு வந்து கதவோரம் நின்று பார்ப்பாள்.

“எனக்கெல்லாம் வாசிக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் திரும்பும்,” என்றாள் ஒருநாள். “உங்களுக்குப் பாருங்க, வழுக்கறதுக்கு முன்னாடியே திரும்பிக் காத்துக்கிட்டு நிக்குது.”

அவள் குரலில் பொறாமை இருந்தது. குராமோச்சி தலையைத் தூக்கவில்லை. ஈரத் தரையில் கொக்கின் கழுத்து தெரிந்தது. வழுக்க வேண்டிய இடத்தில் வழுக்கி, அரை நொடி நின்று, மேலே ஏறினான். கொக்கு பழையபடி இடப்பக்கம் திரும்பிக்கொண்டது. வடிகாலைச் சுற்றி இன்னும் தேய்க்க வேண்டியிருந்தது.